பாகு பூசிய சால்மன்: ஒரு சமையற்குறிப்பின் மௌனம்

சமையற்குறிப்பை ஓர் எழுத்துவகையாக நமது விமர்சகர்கள் கருத்திற் கொள்வதில்லை. நாவலிலே வர்க்கச் சார்பு தேடுகின்றோம். சிறுகதையிலே சமூக உள்ளடக்கம் தேடுகின்றோம். திரைப்படப் பாடலையும் விட்டுவைத்தோமில்லை. ஆயின், எந்தக் கவிதைத் தொகுதியிலும் பார்க்க அதிகமானோர் வாசிப்பதும், வாசித்தவண்ணமே செய்து முடிப்பதுமாகிய சமையற்குறிப்பு மாத்திரம் கருத்தியலுக்கு அப்பாற்பட்ட வெறும் பயன்பாட்டெழுத்து என விட்டுவிடப்பட்டுள்ளது. இவ்விலக்கு தகுதியானதன்று என்பதே எனது கட்சி. அதனை நிறுவ ஒரேயொரு குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். அது, இனிப்பும் உவர்ப்பும் கலந்த பாகு பூசிச் சால்மன் மீனை வீட்டிலே வாட்டியெடுக்கும் முறை.

குறிப்பு எனக்குக் கிடைத்தது என் சின்னம்மாவின் கொப்பியிலிருந்து. 1986ஆம் ஆண்டு நோர்வே சென்ற அவர், அந்நாட்டுச் சஞ்சிகையொன்றில் வந்ததைத் தமிழிற் பெயர்த்துத் தம் கைப்படவே எழுதி வைத்திருந்தார். அதன் சாரம் இது: 170 கிராம் வீதம் நான்கு சால்மன் துண்டுகள். தேன் மூன்று மேசைக்கரண்டி, சோயா சோஸ் மூன்று மேசைக்கரண்டி, நசுக்கிய உள்ளி, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, பாதித் தேசிக்காயின் புளி. இவற்றைச் சட்டியிலிட்டுத் தடிக்கும்வரை வற்றவிடவும். போறணையை 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கவும். தோற்பக்கம் கீழிருக்கத் துண்டுகளைத் தட்டிலே அடுக்கிப் பாகின் பாதியைப் பூசி 12 நிமிடம் வைக்கவும். எஞ்சிய பாகைக் கடைசியிலே பூசி, மேற்சூட்டின் கீழ் இரண்டு நிமிடம் விட்டு எடுக்கவும். தேன் எத்தகையதாக இருத்தல் வேண்டும், பூந்தேனா காட்டுத்தேனா, கட்டித்தேனை எவ்வாறு இளக்குவது என்பனபற்றி மட்டும் மூன்று வரிகள் உண்டு.

தொழில்நுட்ப அளவிலே இக்குறிப்பிற் குறைகாண இடமில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மீனின் புரதமும் தேனின் வெல்லமும் வெப்பத்திலே ஒன்றையொன்று தாக்கிப் பழுப்பேறி மணம் பெறுவதை 1912ஆம் ஆண்டு மையார் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் விளக்கினார். தேன் விரைவிற் கருகுவதனால், பாகின் பாதியைக் கடைசிக்கு ஒதுக்குவது சரியே. துண்டின் பக்கங்களிலே வெண்ணிறப் புரதம் திரள்திரளாகக் கசியத் தொடங்கின் சூடு மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையும் சரியே. எனது வழக்கு இவற்றோடு அன்று.

‘மீனுக்குத் தேனா?’ என்று முகஞ்சுழிப்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. நமது விடுதியிலே இக்குறிப்பை நான் வாசித்துக் காட்டியபோது நண்பர் சிலர் ஏதோ அனாசாரம் நிகழ்ந்துவிட்டதுபோற் பதைத்தனர். உப்பும் சீனியும் சதகுப்பைத் தழையும் இட்டுப் பதப்படுத்திய சால்மனை ஸ்கண்டிநேவிய மக்கள் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். சோயாச் சாறும் இனிப்பு மதுவும் பூசி ஒளிரச் சுடுதலே யப்பானியரின் ‘தெரியாக்கி’. ‘தெரி’ என்பது மினுக்கம், ‘யாக்கி’ என்பது சுடுதல். தேங்காய்ப்பாலின் இனிப்பைப் புளியோடு கூட்டும் நமது மீன்குழம்பு மட்டும் எவ்வகையிற் கற்பிழக்காதது? சுவைத்தூய்மை பேசுவோர் தம் பாட்டியின் அடுப்பையே பிரபஞ்ச விதியாக்குகின்றனர். அவர்களை விட்டுவிட்டு, எதிரணியினரிடம் செல்வோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்த சின்னம்மா முன்னிலையிலேயே நான் இக்குறிப்பைச் செய்து பார்த்தேன். உறவினர் வீட்டிலே போறணை இருந்தது, சால்மன் இருக்கவில்லை. சந்தையில் நல்ல அறக்குளா கிடைத்தது. நிறையும் பாகும் சூடும் நேரமும் குறிப்பிலுள்ளவாறே. பன்னிரண்டாம் நிமிடத்திலே தட்டை வெளியே எடுத்தபோது பாகு பொன்போல் மின்னியது. உள்ளே மீன், பலகை. நார்நாராக உதிர்ந்து தொண்டையிலே சிக்கியது. சின்னம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, இது கொழுப்பு வைச்ச மீனுக்கு எழுதின நேரம். கூட்டுக்குள்ளை தீன் போட்டு வளர்த்த மீன். கடலிலை ஓடித்திரிஞ்ச மீனுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.”

அந்தக் கணத்திலே எனக்கு ஒன்று தெளிவாயிற்று. குறிப்பு ‘சால்மன்’ என்று பொதுப்படச் சொல்கின்றது. ஆனால் அதன் பன்னிரண்டு நிமிடமும் 200 பாகையும் பொதுவான எந்த மீனுக்கும் உரியன அல்ல. காட்டாற்றுச் சால்மனுக்குக்கூட உரியன அல்ல. பண்ணையில் வளர்ந்த அத்திலாந்திக் சால்மனின் நூறு கிராம் தசையில் ஏறத்தாழ 13 கிராம் கொழுப்பு உண்டு; இயற்கை நீரில் வளர்ந்த அதே இனத்தில் அதன் பாதியளவே. சற்றுப் பிந்தினும் வறண்டுவிடாது சமைப்பவரை மன்னிக்கும் மீன் பண்ணை மீனே. நான்கு துண்டுகளும் ஒரே நிறையிலே, ஒரே தடிப்பிலே அமைதலும் ஒரே கூட்டில் ஒரே தீனுண்டு ஒரே நாளிற் கொல்லப்பட்ட மீன்களிலேதான் எளிது. ஆகவே குறிப்பு தன் மீனை நன்கறியும். அறிந்தும் சொல்லாது. அறியாமை வேறு, மௌனம் வேறு. இங்கு நாம் காண்பது மௌனம்.

அதன் இலக்கண அமைப்பும் இம்மௌனத்திற்கு இசைவானதே. எடுக்கவும், பூசவும், வைக்கவும் என்னும் ஏவல்களிலே செய்வோர் யாரெனத் தோன்றுவதில்லை. மீன் ‘துண்டு’ என்ற நிலையிலேயே அரங்கிற்கு வருகின்றது. தலையில்லை, செதிலில்லை, நீரில்லை, பிடித்தவர் இல்லை, வெட்டியவர் இல்லை. பண்டம் தன்னைப் படைத்த உழைப்பை மறைத்து நிற்கும் என்பதை நாம் விரிவுரை மண்டபத்திலே பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறோம். குசினியிலே அதனைக் கண்டும் அடையாளம் காணோம்.

மறைக்கப்பட்ட வரலாறு அரை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதே. 1970ஆம் ஆண்டு நோர்வேயின் ஹித்ரா தீவிலே குரோந்த்வெத் சகோதரர்கள் மிதவைக் கூடுகளிலே சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்தனர். அது வெற்றி பெற்றது. 1990இல் அந்நாட்டின் பண்ணைச் சால்மன் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொன். இன்று ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் தொன். சந்தை தானாக வளரவில்லை, வளர்க்கப்பட்டது. யப்பானியர் சால்மனை உப்பிட்டுச் சுட்டு உண்டனரேயன்றி, தமது கடலின் சால்மனை ஒட்டுண்ணிக்கு அஞ்சிப் பச்சையாக உண்பதில்லை. 1980களின் நடுப்பகுதியிலே நோர்வே அரசும் ஏற்றுமதியாளரும் திட்டமிட்டுப் பிரசாரஞ் செய்து அவ்வழக்கத்தையே மாற்றினர். இன்று சூஷியென்றதும் இளஞ்சிவப்புத் துண்டு நினைவுக்கு வருவது அப்பிரசாரத்தின் பேறு. இக்கால அளவிலே நோர்வேயின் ஆற்றுச் சால்மனுக்கு நேர்ந்தது என்ன? கூடுகளிலே பெருகும் கடற்பேன், நுழைகழிகளின் வழியே கடலுக்குச் செல்லும் காட்டுக் குஞ்சுகளைத் தின்கிறது. தப்பியோடிய பண்ணை மீன் அவற்றோடு கலந்து மரபையே மாற்றுகிறது. வெப்பமாகும் கடலும் இதிற் பங்காளியே, முழுப்பழியையும் பண்ணைமீது நான் சுமத்தவில்லை. ஆயினும் 2023ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அத்திலாந்திக் சால்மனை அச்சுறுத்தலை அண்மித்த இனமென வகைப்படுத்தியது. 2024 யூனிலே நோர்வே 33 ஆறுகளிற் சால்மன் பிடிப்பதையே நிறுத்திவைத்தது. கடைத்தட்டிலே மலிந்து கிடக்கும் அதே பெயருடைய மீன் தன் ஆற்றிலே அருகி வருகிறது.

நிறத்தைப்பற்றி ஒரு சொல். காட்டுச் சால்மனின் சிவப்பு அது உண்ணும் கூனியிலிருந்தும் கிறிலிலிருந்தும் வருவது. பண்ணை மீனின் சிவப்பு தீவனத்திற் கலக்கும் அஸ்டாக்சாந்தின் என்னும் நிறப்பொருளால் வருவது. அதனைக் கலக்காவிடின் தசை சாம்பல் வெண்மையாயிருக்கும். எவ்வளவு சிவப்பு வேண்டும் என்பதை அளப்பதற்கு, ரோஷ் என்னும் சுவிஸ் மருந்துக் கம்பனி விசிறிபோல் விரியும் அட்டையொன்றை உருவாக்கியது. அதில் நிறங்கள் 20 முதல் 34 வரை இலக்கமிடப்பட்டுள்ளன. நிறப்பொருள் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. இயற்கையில் உள்ளதும் அதே பொருளே. மீனுக்கு அது தேவையும்கூட. ஆனால் சுவர்ப்பூச்சுக்கு நிறந்தெரிவதுபோல் இறைச்சிக்கு நிறந்தெரிந்து, அதன்மேல் தேனும் சோயாவும் பூசி, அதனையும் மினுக்கி எடுக்கும்போது, நாம் எத்தனையாவது பூச்சை உண்கிறோம்?

தீவனத்திற்கு வருவோம், வழக்கின் கனமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. சால்மன் ஊனுண்ணி. அதன் தீவனத்திற்கு மீன்மாவும் மீனெண்ணெயும் வேண்டும். அவற்றிற் கணிசமான பங்கு பேரு நாட்டுக் கடலின் நெத்தலியிலிருந்து வருகிறது. பின்னாளில் மேற்காபிரிக்கக் கரையும் இவ்வலையிற் சிக்கியது. மொரித்தானியா, செனகல், காம்பியா ஆகிய நாடுகளின் கரையோரத்திலே மீன்மா ஆலைகள் எழுந்தன. அங்கே அரைபடும் மீன் எது தெரியுமா? நம் கரையிலே சூடையென்று கூறுபோட்டு விற்கின்றார்களே, அதன் நேரினம். ஏழைகளின் மீன். செனகல் கரையிலே அதனை வாங்கிப் புகையூட்டியும் உப்பிட்டு உலர்த்தியும் உள்நாட்டுக்கு அனுப்பிப் பிழைத்தவர் பெண்கள். ஆலை அதிக விலை கொடுத்துத் தோணியோடு வாங்கிக்கொள்ள, அப்பெண்களின் அடுப்பு அணைந்தது. காம்பியாவின் குன்ஜூர் ஊரிலே 2016இல் தொடங்கிய ஆலையையடுத்த களப்பு 2017இல் செந்நிறமாகி மீன்கள் செத்து மிதந்தன, ஊரார் கிளர்ந்தெழுந்தனர். இக்கரையின் சூடையினம் அளவுமீறிப் பிடிக்கப்படுகின்றது என ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் தொடர்ந்து எச்சரித்து வந்திருக்கிறது. மொரித்தானியாவின் மீனெண்ணெயில் ஒரு பகுதி நோர்வேயின் சால்மன் தீவனத்திற்குச் சென்றது. ஒருவர் உண்ணக்கூடிய மீனை அரைத்து, இன்னொருவர் விரும்பும் மீனுக்கு ஊட்டுதலே இவ்வாணிபத்தின் அச்சு.

இதற்குப் பண்ணைத் தரப்பு தரும் விடை எனக்குத் தெரியும். 1990அளவில் நோர்வேத் தீவனத்தின் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்தது. இன்று நாலில் ஒரு பங்களவே. மிகுதி தாவரப் பொருள் என்பர். கூற்று உண்மையே. பங்கு குறைந்ததைக் காட்டுவோர் மொத்தம் எத்தனை மடங்கு பெருகியது என்பதை அதே மூச்சிலே சொல்லாது விடுகின்றனர். பத்து மடங்கான ஒன்றின் கால்பங்கு, பழைய முழுமையிலும் பெரிது. இதற்குக் கணிதம் கற்றிருக்க வேண்டியதில்லை. கடலின் சுமையிலே குறைந்த பாகம் எங்கே இறங்கியது என்றாலோ, பிரேசிலின் சோயா அவரை வயல்களிலே. பாகிலுள்ள சோயாவைக் கரண்டியால் அளக்கச் சொன்ன குறிப்பு, மீனுக்குள்ளிருக்கும் சோயாவை அளக்கவில்லை.

சிலியைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தென்னரைக்கோளத்திற்கு உரியதல்லாத இம்மீன் அங்கு கொண்டுவந்து குடியேற்றப்பட்டு, அந்நாடு உலகின் இரண்டாம் பெரும் உற்பத்தியாளராயிற்று. 2007இற் பரவிய தொற்றுச் சோகை நோயால் பண்ணைகள் சரிய, ஆயிரக்கணக்கான தொழிலாளர் தெருவில் நின்றனர். முதலீடு திரும்பி வந்தது, கூடுகளும் திரும்பின. அயலிலுள்ள ஆர்ஜென்ரீனாவின் தியரா டெல் ஃபுவேகோ மாகாணம் மட்டும் 2021இலே, இத்தகைய கூடுகள் தன் நீரில் வேண்டாமெனச் சட்டமியற்றிவிட்டது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் சங்கதிகள், நமக்கென்ன என்பாருமுளர். அவர்களுக்குச் சின்னம்மாவையே மறுபடி அழைக்கிறேன். 1980களிலே நோர்வேக்குப் போன நம்மவர் பலரின் முதல் வேலைத்தலம் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் கரையோர மீன் ஆலைகளே. உள்ளூர் இளைஞர் தெற்கு நகரங்களுக்குப் பெயர்ந்துபோன வெற்றிடத்தை நம்மவர் நிரப்பினர். அங்கு வெட்டியது பெரும்பாலும் கொட் முதலான வெண்டசை மீன், சால்மன் அன்று. ஆயினும் நிற்கும் மேசையும் ஓடும் பட்டியும் குளிர்ந்த நீரும் கத்தியும் ஒன்றே. பகலே தோன்றாத குளிர்காலத்திலே எட்டு மணித்தியாலம் நின்று, நிமிடத்துக்கு இத்தனை துண்டு என்ற கணக்கிலே எலும்பகற்றியதைச் சின்னம்மா சொன்னார். தெற்கே இறங்கிய பின்னர் சால்மன் ஆலையிலும் சில காலம் வேலை செய்திருக்கிறார். துண்டின் மேலோடும் வெள்ளைக் கொழுப்புக் கோட்டின் அகலத்தைப் பார்த்தும், தேய்ந்துபோன செட்டையைத் தடவியும், மீன் கூட்டிலிருந்து வந்ததா ஆற்றிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடுவாராம். அவ்வளவு தெரிந்தவரின் கையெழுத்திலே இருக்கும் குறிப்பில் அதிலொரு சொல்லும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “சமையற்குறிப்பிலை அதெல்லாம் எழுதிறேல்லைப் பிள்ளை” என்றார்.

எழுத்துவகையொன்றின் மரபு, எழுதுபவரின் சொந்த அறிவையே வாயடைக்கச் செய்கின்றது. தேன்பற்றிய மூன்று வரிகளை நுணுக்கமாகப் பெயர்த்தெழுதிய அந்தக் கை, பல்லாண்டு பிடித்த கத்தியைப்பற்றி எழுத இடமில்லையென நம்பியது. இதைவிடச் சிறந்த கருத்தியல் உதாரணத்தை எந்தப் பாடநூல் தரும்?

நான் சமைப்பவரோடு வழக்காட வரவில்லை என்பதையும் அழுத்திக் கூறவேண்டும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, கால்மணி நேரத்திலே பிள்ளைகளுக்கு உணவு வைக்கவேண்டிய பெண்ணுக்கு அந்தப் போறணைத் தட்டு ஒரு விடுதலை. குழம்புக்குத் தேங்காய் துருவிப் பிழிந்து நின்ற நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிய விடுதலையே. சால்மனைத் துறவுங்கள் என்று அவளுக்கு உபதேசிப்பவர் தாம் ஒருநாளும் அடுப்படி சென்றிராத ஆடவராகவே இருப்பர். அவளுடைய கால்மணி நேரத்தை இலாபமாக்குவோர் அவளிடம் எதை மறைத்தனர் என்பதே கேள்வி.

மறைத்ததைச் சொன்னால் சமையல் கெட்டுவிடுமா? திருந்தும் என்பதே என் அனுபவம். குறிப்பு இவ்வாறு தொடங்கட்டும்: ‘இது கூட்டில் வளர்த்த, கொழுப்பு மிகுந்த மீனுக்குரிய முறை. பொதியில் நாட்டின் பெயரும் வளர்ப்பு முறையும் உள்ளனவா எனப் பார்க்கவும். இல்லாவிடிற் கடைக்காரரைக் கேட்கவும். சிவப்பை வைத்து மீனை மதிக்க வேண்டாம். அது தீவனத்தின் நிறம். ஆற்றுச் சால்மனாயின் சூட்டை 160 பாகைக்குக் குறைத்து, எட்டாம் நிமிடம் முதலே கத்திநுனியாற் பிரித்துப் பார்க்கவும். வேறு மீனும் ஆகும். கானாங்கெளுத்தி தன் கொழுப்பாலே பாகைத் தாங்கும், தன் உணவைத் தானே கடலிலே தேடிக்கொண்டதும் ஆகும். பாகின் அளவைப் பாதியாக்கவும். மீனின் சுவை தெரியட்டும்.’ இவ்வளவே. சமைப்பவரின் நேரத்தில் ஒரு நிமிடமும் கூடவில்லை. அறக்குளாவைப் பலகையாக்கிய என்போன்றோருக்குப் பயனுமுண்டு.

இவற்றுக்கெல்லாம் பக்கத்திலே இடமில்லை என்று சஞ்சிகைப் பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். கட்டித்தேனை இளக்குவதெப்படி என்பதற்கு அவரிடம் மூன்று வரி இடம் இருந்தது.